கதவு, ஓக் மரம், உரிமையாளர் தெரியவில்லை

இந்த ஊரை ஒஹாயோ நதி
தோளால் இடித்துக்கொண்டு போகிறது.
இருபத்தொரு வருடம் அதன் மேல்
நிலக்கரிப் படகுகளைக் கயிறு போட்டுக் கட்டினேன்.
முட்டி போனது.
கரையேறி, கழுத்தில் டை கட்டி,
அருங்காட்சியகத்தில் நிற்கிறேன்.
இங்கேயும் கயிறுதான், சிவப்பு வெல்வெட்டில்.

என் பொறுப்பு இரண்டாம் மாடி.
நீராவிக் கப்பலின் சுக்கான்.
வெள்ளம் ஏறிய உயரம் குறித்த கம்பம்:
பள்ளிப்பிள்ளைகள் அதில் முதுகை ஒட்டி
அளந்து பார்க்கிறார்கள்.
இதுவரை எல்லாரும் மூழ்கியிருக்கிறார்கள்.
அப்புறம் மூலையில்,
சுவரில்லாமல், வீடில்லாமல்,
ஒரு கதவு.

மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம்.
அன்றுதான் வருவாள் எர்னஸ்டீன் டாலிவர்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சுக்கானைத் திரும்பியும் பார்க்க மாட்டாள்.
கதவின் முன் நின்று
ஒரு புதினா மிட்டாய் கரையும் நேரம் பார்ப்பாள்,
போய்விடுவாள்.
மரவேலையில் ஆர்வம் போல என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

மார்ச் மாதம்.
படித்துறையில் பன்னிரண்டு படிகளை
நதி விழுங்கியிருந்த ஞாயிறு.
கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"மேடம், தொடக் கூடாது" என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
வாயெடுப்பதற்குள் சாவி போய்விட்டது,
பாதி வரை.
அங்கேயே நின்றது.

"பூட்டை மாத்திட்டீங்க" என்றாள்
திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில்.

அட்டையைக் குனிந்து படித்தேன்.
நான்கு வருடத்தில் முதல் தடவை.
'காலத்துக்குப் பொருத்தமான பூட்டு
பின்னர் சேர்க்கப்பட்டது.'
"நாங்க வெச்சிருந்தது
காலத்துக்குப் பொருந்தலையாமா?"

எனக்குச் சாப்பாட்டு நேரம்.
சாண்ட்விச்சைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
கூடவே இறங்கினேன்.

பூங்காவில் நாய்கள், வெயில்,
நீரூற்றைச் சுற்றி வெண்கல நாரைகள்,
புகைப்படக்காரருக்காகப் பத்தாவது முறை
சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண்.
எழுபத்தொன்றில் இங்கே நான்கு தெருக்கள் இருந்தன.
எர்னஸ்டீனுக்கு அப்போது ஒன்பது வயது.
வெட்டாமல் விட்ட ஒரே சைகமோர் மரத்திலிருந்து
எண்ணியபடி நடந்தாள்.
பதினேழு. பதினெட்டு.
"வாசல். காலைத் துடைச்சுட்டு வாங்க."
புல்லில் துடைத்தேன்.
வேறு என்ன செய்வது?

"வலது பக்கம் சமையலறை."
அங்கே நீரூற்று.
"குழாய் ஒழுகுதுன்னு அப்பா
பதினோரு மனு போட்டார்.
இப்பத்தான் பெரிசா செஞ்சு குடுத்திருக்காங்க."

தம்பி லமாரின் கட்டில் இருந்த இடத்தில்
ஒரு பெஞ்சு.
அதில் இரண்டு பேர்
ஊர் மறந்து முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள்.
"அவன் கோச்சுக்க மாட்டான்" என்றாள்.
பெஞ்சின் முதுகில் பித்தளைத் தகடு,
பளபளவென்று ஒரு வங்கியின் பெயர்.
பெஞ்சுக்கு உரிமையாளர் தெரிந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் நதியைப் பார்த்தோம்.
வேரோடு ஒரு மரம் மிதந்து போனது.
பழக்கத்தில் என் கை கயிறு தேடியது.
சாண்ட்விச்சில் பாதியை நீட்டினேன்,
பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை என்றாள்.

"பூங்கா நல்லாத்தான் இருக்கு, வெண்டல்,"
சட்டையில் குத்திய பெயரைப் படித்துச் சொன்னாள்.
"அதுதான் கோபம்."

காப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.
பரிசீலிக்கிறார்களாம்.
கீழே வரவேற்பு மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது,
தவறவிட்ட பொருள்களுக்கு.
நீலக் குடை ஒன்று,
குழந்தையின் இடது செருப்பு ஒன்று,
அதற்குக் கீழே என் கையெழுத்தில்:
கதவு ஒன்று. ஓக். இரண்டாம் மாடி.
கேட்டவர் எர்னஸ்டீன் டாலிவர்.
அடையாளம்: சாவி வைத்திருக்கிறார்,
பொருந்தவில்லை, பூட்டு நம்முடையது.

தொண்ணூறு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால்
பொருள் நிறுவனத்துக்கே என்கிறது விதி.
தேதி போட்டு எழுதிவிட்டேன்,
கேட்டாயிற்று.